சேலையின் லை

நிவேதா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு உடனே ஃபோன் செய்வாய். ஃபோனில் நீ கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வேன் என்பது எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. பத்து நாளுக்கு முன்னால் சொன்னது போலத்தான் சொல்வேன். ஆகவே உட்கார்ந்து மெதுவாகப் படி. இங்கே ராஸ் அல் கைமாவில் இன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைக்கு விடுமுறை. காலை டீயோடு மேசைக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் அனுப்ப மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கண்காட்சியின் நடு அறையில், தனி விளக்கின் கீழே, ஒரு தமிழ்க் கடைப் பலகையை வைக்கப் போகிறாய். 'மு. சிதம்பரம், சென்னைச் சேலை, ஜவுளி, மனாமா.' இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பஹ்ரைனின் மனாமா துறைமுகத்தின் கடைத்தெருவில் தொங்கிய பலகை என்று அதற்கு அட்டையும் எழுதியிருக்கிறாய். அந்தப் பலகைக்கு வயது தொண்ணூறு இல்லை, இருபத்திரண்டு. அது எந்தக் கடைத்தெருவிலும் தொங்கியதில்லை. ஈசா டவுனில் நாம் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுதியது. உன் கண்காட்சிப் புத்தகம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

இதற்கு மேல் படிக்கப் பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்திவிட்டு உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மிச்சம் உனக்கு.

அன்று நீ கூப்பிட்டபோது நான் தொழிற்சாலை கேன்டீனில் தட்டோடு நின்றிருந்தேன். பலகையின் படத்தை அனுப்பிய கையோடு ஃபோன் செய்தாய். உனக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, படம் பாத்தீங்களா? ஸ்டோர்லயே கெடந்திருக்குப்பா இத்தனை வருஷமா, பழைய அட்டையோட. இங்க யாருக்குமே படிக்கத் தெரியல. தமிழ்ப்பா. நாம இங்க இருந்திருக்கோம். கான்ட்ராக்ட்ல வந்து கான்ட்ராக்ட்ல போனவங்களா இல்ல, கடை போட்டு, போர்டு மாட்டி இருந்திருக்கோம்." நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக உனக்குப் படித்துக் காட்டினேன். "ஒரிஜினல்தானேப்பா?" என்று கேட்டாய். "மரத்தப் பாத்தா பழசாத்தான் தெரியுதும்மா" என்றேன். பொய் சொல்லாமல் பொய் சொல்வது எப்படி என்று உனக்கு யாராவது பாடம் எடுத்தால் அந்த வாக்கியத்தை உதாரணமாகக் கொடுக்கலாம். மரம் பழசுதான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் புத்தகத்துக்கான உன் கட்டுரையை அனுப்பினாய். துறைமுகத்தின் அந்தக் காலத்துக் கலையை எல்லாம் ஒரே இடத்தில் நன்றாகச் சேர்த்திருந்தாய். முத்து வியாபாரிகளின் பித்தளைச் சல்லடைகள், ஜிப்சத்தில் செதுக்கிய ஜன்னல் தட்டிகள், பம்பாயிலிருந்து கப்பலில் வந்த வண்ணக் கண்ணாடிகள், துணிப் பொதிகளில் ஒட்டி வந்த சாமிப் படங்கள், ஸ்டுடியோ திரைச்சீலையில் இல்லாத தோட்டத்தின் முன்னால் விறைப்பாக நிற்கிற குடும்பங்கள். முத்து விலை விழுந்து, எண்ணெய் கிடைத்து, ஊர் வேறொன்றாக மாறுவதற்கு முன்பும் பின்பும் மனிதர்கள் எதை அழகு என்று நினைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கும்போது பெருமையாக இருந்தது. பலகையைப் பற்றிய பத்திக்கு வந்தேன். பெயர் தெரியாத அந்தத் தமிழ் ஓவியனைப் பற்றி ஒரு பக்கம். நிழல் விழுந்த எழுத்துகளின் எடையைப் பற்றி, இடைவெளியை அவன் அளந்த விதத்தைப் பற்றி. என் ஐம்பத்தேழு வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் ஒரு பக்கம் எழுதியதில்லை. ஒரு வரி எழுதியதில்லை. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உனக்கு என் மேல் இருக்கிற மரியாதை குறையும். கடைசியில் நன்றி சொல்லும் பக்கத்தில், 'தமிழ் வாசகங்களைப் படித்துச் சரிபார்த்தவர்' என்று என் பெயரைப் போட்டிருந்தாய். ஒரு கண்காட்சிப் புத்தகத்தில் என் பெயர் முதல் தடவையாக அச்சாகப் போகிறது. அதுவும் நான் சொன்ன பொய்க்காக.

ராகவன் சாரை உனக்கு ஞாபகம் இருக்காது. ஈசா டவுனில் நாம் இருந்தபோது நான் வேலை பார்த்த கண்காட்சி ஒப்பந்தக் கம்பெனியின் மேலாளர். சென்னைக்காரர். வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை வந்து அம்மா செய்த வத்தக்குழம்பைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். இன்று நீ வேலை பார்க்கும் அதே அருங்காட்சியகத்துக்குள் பழைய மனாமாக் கடைத்தெரு ஒன்றை அப்படியே கட்டித் தர வேண்டும் என்று எங்களுக்கு வேலை வந்தது. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, வளைகுடாவுக்கு வந்து அதுவரை நான் செய்திருந்ததெல்லாம் பல்பொருள் அங்காடிக்கு விலைப்பட்டியல் வரைவதுதான். இந்த வேலை வந்ததும் பைத்தியம் பிடித்தவன் போல் ஆனேன். நான்கு மாதம் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னில் என்ன எழுதியிருந்தது, குஜராத்திக் கடைக்காரர் தன் பெயரை எந்த வளைவில் எழுத வைத்தார், ஆங்கில எழுத்துக்கு நிழல் இடப்பக்கம் விழுந்ததா வலப்பக்கமா. தெருவில் தொங்கிய பதினேழு பலகைகளையும் நான் எழுதினேன். அரபியை ஒரு சூடான் நாட்டுப் பெரியவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார், நான் மரத்தில் ஏற்றினேன். குஜராத்தியை ஒரு நகைக்கடைக் கணக்கர் சரிபார்த்தார். தமிழை யாரும் சரிபார்க்கவில்லை. தமிழ் எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தத் தமிழ்ப் பலகையே வேண்டாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். இதை நீ நம்ப வேண்டும். வெள்ளைக்கார ஆலோசகர் ஒருவர் இருந்தார். தெருவில் பல மொழி இருக்க வேண்டும், இன்னும் ஒன்று சேருங்கள் என்றார். ராகவன் சார் உடனே தமிழ் என்றார். "சார், நாம பாத்த ஒரு படத்துலகூட தமிழ்க் கடை இல்லையே சார்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, தமிழில், சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருந்திருக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? தமிழன் எங்கதான்யா போகல? நீ எழுது. பாக்கறவனுக்கு ஜிலேபி மாதிரி சுத்திச் சுத்தி இருந்தா போதும்." நான் என்ன சொல்கிறேன் என்று ஆலோசகர் கேட்டதற்கு, 'இவருக்கு மகிழ்ச்சி' என்று ராகவன் சார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பதினாறு பலகை மற்றவர் மொழியில் எழுதியாகிவிட்டது. ஒன்றாவது நம் மொழியில் எழுதிப் பார்க்கலாமே என்று கை அரித்தது. கடைக்காரருக்கு ஒரு பெயர் வேண்டும். எங்கள் கல்லூரி ஹாஸ்டல் சமையல்காரர் பெயரை வைத்தேன். மு. சிதம்பரம் ஒரு நாளும் கப்பல் ஏறியவர் இல்லை. அவருடைய சாம்பாரைச் சாப்பிட்டவர்கள்தான் வேறு எங்காவது ஓடிவிடலாமா என்று யோசித்திருப்பார்கள். மனாமாவில் அந்தக் காலத்தில் சேலை வாங்க யார் இருந்தார்கள் என்றும் நான் யோசிக்கவில்லை. இந்தியக் குமாஸ்தாக்களின் மனைவிமார் வாங்கியிருக்கலாம் என்று நீ அதற்கும் ஒரு பத்தி எழுதிவிட்டாய்.

பலகைக்கு மரம் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் தச்சர், பெஷாவர்க்காரரான கான் பாய். பழைய படகு ஒன்றை உடைத்துப் போட்ட இடத்திலிருந்து ஒரு தேக்குப் பலகையைத் தோளில் தூக்கி வந்தார். "பாய், யே லக்கடி பஹுத் புரானா ஹை. இஸ்கோ பெயின்ட் மத் கரோ, சலாம் கரோ" என்றார். ரொம்பப் பழைய மரம், வர்ணம் பூசாதே, வணக்கம் வை என்று அர்த்தம். சோதனையில் மரம் பழசு என்று வந்ததாகச் சொன்னாயே, அதற்குக் காரணம் கான் பாய். கடையில் வாங்கும் எனாமல் பளபளக்கும் என்று புகைக்கரியையும் வெள்ளையையும் ஆளிவிதை எண்ணெயில் நானே அரைத்தேன். எழுதி முடித்த பிறகு மணல்தாள் போட்டேன், உப்புத் தண்ணீர் தெளித்தேன், டீ டிகாஷன் தேய்த்தேன், அம்மா துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இரண்டு மாதம் வெயிலில் வைத்தேன். "ஊர்ல எல்லாரும் பழசப் புதுசாக்குவாங்க, உங்களுக்குப் புதுசப் பழசாக்கச் சம்பளம்" என்பாள் அம்மா. அவளுக்கு எல்லாம் தெரியும். போன வாரம் திருச்சிக்கு ஃபோன் செய்து, நீயே நிவேதாவிடம் சொல்லிவிடேன் என்று கேட்டுப் பார்த்தேன். "நான் எதுக்குங்க சொல்லணும்? போர்டு எழுதுனது நானா?" என்று வைத்துவிட்டாள்.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். நீ பெரியவளான பிறகு, உன் முயற்சியில், இப்போதைய எழுத்தை வைத்துத் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவள். ஆகவே உனக்குத் தெரிய வழியில்லை. முன்பெல்லாம் லை, னை, ணை, ளை என்ற எழுத்துகளை இப்போது எழுதுவது போல் முன்னால் கொம்பு போட்டு எழுத மாட்டார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி எழுத்தின் தலைக்கு மேலே ஒரு சுழி வளைந்து நிற்கும். நான் ஒன்றாம் வகுப்பில் கற்றது அந்தத் தும்பிக்கை எழுத்தைத்தான். ஆறாம் வகுப்பில் இருக்கும்போது அரசாங்கம் எழுத்தை மாற்றியது. இனிமேல் இப்படித்தான் எழுத வேண்டும் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். பழைய மாதிரி எழுதினால் ஒரு பிழைக்கு ஒரு அடி. மூன்று மாதத்தில் எங்கள் கைகளில் இருந்த தும்பிக்கைகள் எல்லாம் போய்விட்டன. போர்களுக்கு இடையிலான காலத்துப் பலகை என்றால் தும்பிக்கைதான் இருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பென்சில் வரைவில் சரியாகவே போட்டேன். மரத்தில் 'சென்னை'யின் னையைத் தும்பிக்கையோடு எழுதினேன். 'சேலை' வந்தது. வெயில் ஏறிவிட்டது, முதுகு வலி, அந்த இடத்தில் பென்சில் கோடு அழிந்திருந்தது. கை தானாகக் கொம்பு போட்டு லை எழுதிவிட்டது. ஒரே பலகையில், ஒரே வரியில், னை பாட்டன் காலத்து எழுத்து, லை பேரன் காலத்து எழுத்து. படத்தைப் பெரிதாக்கிப் பார். சிதம்பரத்துக்குக் கீழே இரண்டாவது வரி. தமிழில் பழைய அச்சுப் புத்தகம் படித்த யாராவது ஒருவர் உன் கண்காட்சிக்கு வந்தால் போதும், அந்த வரியின் முன்னால் நின்று சிரித்துவிடுவார். அவர் சிரிக்கும்போது நீ பக்கத்தில் நிற்பாய். இதை நினைத்துத்தான் எனக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

பிழை எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அந்தத் தெருவின் திறப்பு விழா அன்று. நீயும் வந்தாய், அம்மா தைத்த மஞ்சள் கவுனில். வாசலில் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருந்தார்கள், உழைத்தவர்கள் பட்டியல். ராகவன் சார் பெயர் இருந்தது, வடிவமைப்பு என்று. ஆலோசகர் பெயர் இருந்தது. விளக்கு போட்டவர், தரை போட்டவர் எல்லாம் இருந்தார்கள். ஏசி மாட்டிய கம்பெனியின் பெயர் இருந்தது. நான் தகட்டின் மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தேன். ராகவன் சார் பக்கத்தில் வந்தபோது, "சார், போர்டெல்லாம் எழுதினது..." என்று இழுத்தேன். அவர் என் தோளில் கை போட்டார். "என்னப்பா நீ, பெயின்ட் அடிக்கறதுக்கெல்லாம் பேரு போட ஆரம்பிச்சா, அப்புறம் கான் பாய் வருவான், டிரைவர் வருவான். தகடு பத்தாதுப்பா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நிவேதா. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை, அவருடையதை இல்லை, என்னுடையதை. சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன், எதிரே என் பலகை, அதில் லை. திருத்தப் பத்து நிமிடம் போதும். ஏணிகூட அந்த மூலையில் சாத்தியிருந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு பெரிய மனிதரின் தெருவில் ஒரு பிழை இருக்கட்டும், தமிழன் ஒருவன் பார்த்துச் சிரிக்கட்டும் என்று. நான் பழி வாங்கியது அவ்வளவுதான், ஒரே ஒரு எழுத்து.

அதற்குப் பிறகு அந்தத் தகட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கையில் கொண்டுவரவில்லை, வாயில். சாப்பிடும்போது ராகவன், ஊருக்குப் பேசும்போது ராகவன், அம்மா அயர்ன் செய்யும்போது பக்கத்தில் நின்று ராகவன். வரைவதை நிறுத்தினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். நீ நான்காம் வகுப்பில் இருக்கும்போது பள்ளியில் அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். "அங்க ஒண்ணும் இல்ல, எல்லாம் பொம்மைத் தெரு" என்றேன். நீ அழுதாய். வகுப்பில் எல்லாரும் போன அன்று நீ மட்டும் நூலகத்தில் உட்கார்ந்திருந்ததாக அதே பள்ளியில் டீச்சராக இருந்த அம்மா வந்து சொன்னாள். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு, போய்ப் பார், அது அப்பா எழுதியது என்று உன்னிடம் சொல்லியிருந்தால், இன்று இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் இதுதான் சின்னதாகத் தெரியும், ஆனால் இதுதான் பெரியது. இன்னொன்று, பள்ளியில் உனக்குத் தமிழ் வேண்டாம், ஹிந்தி எடுத்தால் மார்க் வரும் என்றவனும் நான்தான். மார்க் வந்தது. லைக்கும் லைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

பஹ்ரைனை விட்டு இங்கே டைல்ஸ் தொழிற்சாலைக்கு வருவதற்கு முந்தின வாரம், என்ன தோன்றியதோ, தனியாக அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். தெருவைக் கலைத்திருந்தார்கள். நான் எழுதிய பலகைகளில் பதினாறைக் காணோம். உண்மையான பழைய தராசு, பழைய விளக்கு, பழைய கதவு எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. அவற்றோடு ஒரு பெட்டியில் என் தமிழ்ப் பலகை, தனி விளக்கோடு. 'கடைப் பலகை, மனாமா' என்று அட்டை. உண்மையான பொருளும் செட் போட்ட பொருளும் கிடங்கில் ஒன்றாகக் குவிந்தபோது, படிக்க முடியாததையும் மரம் பழசாக இருந்ததையும் பார்த்து, யாரோ நல்ல மனதோடு எண் போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியே அதற்குள் மூடிவிட்டது, கேட்பதற்கு ஆள் இல்லை. காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகம் இருபது அடி தள்ளி இருந்தது. கதவு திறந்திருந்தது. நான் போய்ச் சொல்லவில்லை. பெயர்தான் போடவில்லை, விளக்காவது போட்டிருக்கிறார்களே என்று அங்கே அரை மணி நேரம் நின்றேன். நிவேதா, அதுதான் முதல் மௌனம். இரண்டாவதுதான் ஃபோனில்.

உன்னிடம் உண்மை சொல்லாமல் விட்டதற்கு வெறும் கர்வம் மட்டும் காரணம் இல்லை. 'நாம இங்க இருந்திருக்கோம்' என்றாயே, அது. நீ இந்தக் கரையில் பிறந்தவள். ஒவ்வொரு தடவை விசா முடியும்போதும் விசாவுக்குப் பொறுப்பேற்கும் யாரோ ஒரு கஃபீலின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவள். ஊருக்குப் போனால் உன்னை வெளிநாட்டுப் பெண் என்றார்கள், இங்கே இந்தியப் பெண் என்றார்கள். உனக்கு ஒரு மு. சிதம்பரம் கிடைத்ததும் எப்படி ஒட்டிக்கொண்டாய் என்று பார்த்தேன். கிடைத்த மூன்று நாள் லீவில் காரைக்குடிக்குப் போய், வெயிலில் வீடு வீடாகச் சுற்றினாய். அங்கே ஒரு குடும்பம், ஆமாம், எங்கள் பூட்டன்தான், கப்பலில் போனவர் திரும்பவே இல்லை என்று சொல்லிப் படத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கப்பலில் போய்த் திரும்பாத ஒருவர் அவர்களுக்கு இருந்திருப்பார், அவரை இத்தனை வருஷமாக எங்காவது ஓர் ஊரில் இறக்கி வைக்க இடம் தேடியிருப்பார்கள். இப்போது என் ஹாஸ்டல் சமையல்காரரின் பலகைக்கு முன்னால் நின்று அழ அவர்கள் திறப்பு விழாவுக்கு வருகிறார்கள், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்கிறாய். அவர்களிடம் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் என்றால் இரண்டு வார்த்தை இருக்கும், பொறுத்துக்கொள். உனக்குப் பிரியமானவர் சொன்னார் என்பதைச் சாட்சியமாக வைத்துக்கொள்ளாதே. நான் சொன்னதை நீ இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்திருக்க வேண்டும். அப்பா என்பதால் விட்டுவிட்டாய். எந்த வேலையில் சேர்ந்தாலும் உன் பெயர் எங்கே வரும் என்பதை முதல் நாளே, வாயைத் திறந்து, எல்லார் முன்னாலும் கேள். மரியாதை என்று நினைத்து நான் கேட்காமல் இருந்தேன். அது கோழைத்தனம். பிறகு அதுவே விஷமாகி, இருபது வருஷம் உங்கள் இரண்டு பேருக்கும் சோற்றோடு பரிமாறினேன். ராகவன் சார் இன்று எங்கோ நிம்மதியாக வாக்கிங் போய்க்கொண்டிருப்பார், அவருக்கு அந்த வாக்கியம் ஞாபகம்கூட இருக்காது. அதை நினைத்தாலும் எனக்கு எரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இது குறையவில்லை. குறையும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் யோசித்தது இது. முதலில் உன் மேலதிகாரியிடம் நீயே சொல். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லும் முன்னால் சொல். அவர் நம்ப மாட்டார், அப்பாவைக் காப்பாற்றவோ கண்காட்சியைக் கெடுக்கவோ கதை கட்டுகிறாய் என்பார். அதனால் நான் வருகிறேன். புதன்கிழமை காலை விமானத்தில் வருகிறேன், பிரஷ்ஷும் புகைக்கரியும் கொண்டுவருகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து அதே லையை எழுதிக் காட்டுகிறேன். என் கை இன்னும் நடுங்கவில்லை. தொழிற்சாலையில் குளியலறை டைல்ஸுக்குப் பூ வரைந்துகொண்டிருந்தேன். இப்போது அதையும் கம்ப்யூட்டர் வரைகிறது, நான் நிறம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எழுத்து எழுதச் சொன்னால் இந்தக் கைக்குக் குஷிதான். உன் வேலைக்கு ஆபத்து வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தால் அது என்னால் வந்தது என்று அவர் முன்னால் சொல்கிறேன். நன்றிப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

பலகையை எங்கே வைப்பது என்பது உங்கள் முடிவு. நடு அறையிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒருவேளை வேறு ஒரு மூலையில், 'பழையது போல் இந்தக் காலத்தில் எழுதப்பட்டது' என்று உண்மையான அட்டையோடு வைத்தால், அதில் எழுதியவர் பெயர் போடுவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பார்த்தாயா, இங்கே வந்து நிற்கிறேன். இது பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதமா, பெயரைக் கேட்கும் கடிதமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. நீ போட வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை ஈசா டவுனில் தமிழர் ஒருவர் மாடியில் உட்கார்ந்து போர்டு எழுதினார் என்பதற்கு மட்டும் அந்தப் பலகை சாட்சி. தொண்ணூறு இல்லை. அவ்வளவுதான் நம்மிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உன் கட்டுரையில் 'சிதம்பரம்' என்ற பெயரின் கடைசிப் புள்ளியைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாய். மற்ற புள்ளிகளைவிடப் பெரிதாக, வலப்பக்கம் சாய்ந்து, எழுத்திலிருந்து உருண்டு விழப்போவது போல் இருக்கிறது, விதிகளை முழுக்க அறிந்த ஒருவர்தான் இவ்வளவு துணிச்சலாக அதை மீற முடியும் என்று. அந்த வெள்ளிக்கிழமை அம்மா பள்ளி ஆண்டு விழா ஒத்திகைக்குப் போயிருந்தாள். உன்னை மாடியில் என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். உனக்கு வயது ஐந்து. நானும் ஒண்ணு, நானும் ஒண்ணு என்று காலையிலிருந்து நச்சரித்தாய். "ஒரே ஒரு புள்ளி. அப்புறம் கலாஸ், முடிஞ்சுது, கேக்கக் கூடாது" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தேன். நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் எடுத்து வைத்தாய். வைத்துவிட்டு, "கலாஸ்?" என்று என்னைப் பார்த்தாய். புள்ளி இடம் தப்பியிருந்தது, அளவு தப்பியிருந்தது. டர்பன்டைன் நனைத்த துணி என் கையிலேயே இருந்தது. துடைக்கவில்லை.

அப்பா